ஒரு பழைய சேலையும் ஓட்டுத் தையலும்: கைத்தையலை எங்கிருந்து தொடங்கலாம்?

“எனக்கு 52 வயது. பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். கையால் தைக்கவும் பூ வேலை செய்யவும் ரொம்ப நாள் ஆசை. பள்ளியில் தையல் டீச்சர் சொல்லிக் கொடுத்ததோடு சரி, எல்லாம் மறந்துவிட்டது. தலையணை உறை, போர்வை, மிதியடி என்று வீட்டுக்குக் கிராமத்துச் சாயலில் நாமே செய்ய வேண்டும். ஆரி வகுப்பில் சேரலாமா, கிட் வாங்கலாமா? கண்ணாடி போட்டாலும் ஊசியில் நூல் கோக்கச் சிரமமாக இருக்கிறது” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் எதையும் வாங்காதீர்கள். பீரோவைத் திறந்து, கட்டிக் கட்டி மெத்தென்று ஆன ஒரு பருத்திச் சேலையை எடுத்து வையுங்கள். நைந்துபோய்விட்டது, ஆனால் தூக்கிப்போட மனம் வரவில்லை என்று ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அதுதான் உங்கள் முதல் துணி. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஊசி முரண்டு பிடிக்கும். நூறு முறை துவைத்த துணியில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் துணி போட்டோம், பழைய சேலையில்தான் தூளி கட்டினோம். அந்த மென்மை கடையில் கிடைக்காது.

ஆரி வகுப்பைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண ரவிக்கைக்கு வேலை செய்து சம்பாதிக்க நினைப்பவர்கள் கட்டாயம் சேரலாம், நல்ல தொழில். ஆனால் அது மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் பதிக்கிற வேலை. நீங்கள் கேட்பது தினமும் தலைக்கு வைக்கிற, காலுக்கு மிதிக்கிற, மேலே போர்த்திக்கொள்கிற பொருள்கள். அதற்கு வேண்டிய கை வேறு. அதற்கு ஒரே ஒரு தையல் தெரிந்தால் போதும். பள்ளியில் துணித் துண்டில் போட்டுக் காட்டி நோட்டில் ஒட்டினோமே, அந்த முதல் பக்கத்து ஓட்டுத் தையல்தான்; ஊசி மேலும் கீழுமாக இடைவெளி விட்டு விட்டுப் போகுமே, அது.

மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வங்காளத்துக் காந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சேலைகளை இரண்டு மூன்று அடுக்காக விரித்து, முழுவதும் ஓட்டுத் தையல் போட்டு ஒரே துணியாக்கிவிடுவார்கள். அந்தக் காலத்தில் நூல்கூட வாங்கவில்லை, சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். கர்நாடகத்தில் தார்வாட் பக்கத்துக் கசூதி என்ற பூ வேலையில் நான்கு தையல்கள் உண்டு. அதில் கவந்தி என்பது ஓட்டுத் தையல் ஒருமுறை போய், விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே திரும்பி வருவது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், முடிச்சே தெரியாது. அதையே படிப்படியாக ஏற்றி இறக்கினால் முர்கி. நெசவு போலவே இழை ஓட்டினால் நேகி. நான்காவதான மெந்தி மட்டும் குறுக்குத் தையல். வெந்தயத்துக்குக் கன்னடத்தில் மெந்தெ, அந்தப் பெயர்தான்.

நம் நீலகிரியில் தோடர் பெண்கள் பூத்துக்குளி என்ற போர்வையில் போடும் பூ வேலையும் இந்தக் குடும்பம்தான். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணி ஓட்டுவார்கள். கோடு வரைவதில்லை, ஃப்ரேம் போடுவதில்லை. துணியின் பின்பக்கத்திலிருந்து தைப்பார்கள், பார்த்தால் தறியிலேயே நெய்தது போல இருக்கும். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜப்பானின் வடபகுதியில் குளிரினால் பருத்தி விளையாது. அங்கே உழவர் வீட்டுப் பெண்கள் சணல் நாரில் நெய்த துணியின் இடைவெளிகளைப் பருத்தி நூலால் ஓட்டி ஓட்டி அடைத்தார்கள். குளிர் உள்ளே வரக்கூடாது என்பதற்காகச் செய்தது, பூவாக மலர்ந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. இல்லாமையில் இருந்த பெண்கள் கையில் இருந்த துணியைக் காப்பாற்றப் போட்ட தையல் எல்லா ஊரிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

சேலையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். காலில் உரசும் கரை ஓரமும் குதிகால் படும் இடமும் சல்லடையாகி இருக்கும். அதை ஒதுக்கிவிடுங்கள். மற்ற இடத்தில் சின்ன ஓட்டை இருந்தால் பரவாயில்லை, நடு அடுக்கில் வைத்துக்கொள்ளலாம். பிறகு சாயத்தைச் சோதியுங்கள். ஒரு வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்து, சேலையின் அடர்ந்த நிறத்தின் மேல் அழுத்தித் தேயுங்கள். அரக்கு, கறுப்பு, கருநீலம் மூன்றையும் நம்பக்கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். ஊறவைத்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் அரக்குக் கரையை வெள்ளை வேட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். இரண்டு மாத வேலை முதல் துவைப்பிலேயே ரோஸ் நிறமாகிவிட்டது. இன்னொன்று, பழைய சேலைக்குக் கீழே துவைக்காத புதுத் துணியை அடுக்காதீர்கள். பழையது சுருங்காது, புதியது சுருங்கும், போர்வை கோணிக்கொள்ளும்.

முதல் வேலையாகப் போர்வையில் கை வைக்க வேண்டாம். தலையணை மேல் விரிக்கிற ஒரு துணி செய்யுங்கள். ஒரு முழம் அகலம், ஒன்றரை முழம் நீளம், மூன்று அடுக்கு. மேலும் கீழும் சேலை, நடுவில் பழைய வேட்டித் துண்டு. சிமெண்ட் தரையிலோ டைல்ஸ் தரையிலோ விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவி விடுங்கள். நான்கு மூலையிலும் கனமான டப்பா ஏதாவது வையுங்கள். பிறகு ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய தையலாக நீளவாட்டில் சில வரி, குறுக்குவாட்டில் சில வரி நூல் ஓட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் உருவிவிடும் நூல் இது. இதற்குச் சோம்பல் பட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று நகர்ந்து, கடைசியில் ஒரு மூலையில் துணி பொம்மிக்கொண்டு நிற்கும். அப்புறம் எதைச் செய்தாலும் சரியாகாது.

இப்போது குறுக்குவாட்டில் வரி வரியாக ஓட்டுத் தையல். தையல் ஒரு அரிசி நீளம், விடும் இடைவெளியும் ஒரு அரிசி நீளம். வரிக்கும் வரிக்கும் ஒரு விரல் அகலம். ஊசியை ஒவ்வொரு தையலுக்கும் வெளியே இழுக்காதீர்கள். ஊசியை அசைக்காமல் துணியை மேலும் கீழுமாக மடக்கி, மூன்று நான்கு தையலை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுங்கள். இழுத்ததும் கட்டைவிரல் நகத்தால் தைத்த இடத்தை நீவிவிட வேண்டும். நூல் இறுகித் துணி சுருங்குவதற்குக் காரணமே இந்த நீவுதலை விடுவதுதான். முதல் ஐந்தாறு வரி கோணலாகத்தான் வரும். பிரிக்காதீர்கள். பத்தாவது வரிக்குள் கை தானாக ஒரு தாளத்துக்கு வந்துவிடும். ஒரு வரிக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும், நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எட்டுப் பத்து நாளில் முடிந்துவிடும்.

முடித்துக் கையில் எடுக்கும்போது அது மூன்று துணியாக இருக்காது. மேலே லேசான அலை அலையான சுருக்கம் விழுந்திருக்கும், தொட்டால் விடமாட்டீர்கள். காந்தாவின் அழகே அந்த அலைதான். அதை இஸ்திரி போட்டு அமுக்கிவிடாதீர்கள்.

ஊசி நூல் விஷயத்துக்கு வருகிறேன், கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்களே. எம்பிராய்டரி ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். ஏழாம் நம்பர் வாங்குங்கள். காது நீளமாக இருக்கும், இரண்டு மூன்று இழை தாராளமாக நுழையும். நூலின் நுனியை நாக்கில் நனைப்பதைவிட, நூலை ஊசியின் மேல் மடித்து இறுக்கிப் பிடித்து, அந்த மடிப்பைக் காதுக்குள் தள்ளிப் பாருங்கள். மடிப்பு பிரியாது, சுலபமாக நுழையும். காலையில் பத்து ஊசியில் நூல் கோத்து ஒரு தலையணையில் குத்தி வைத்துவிடுவது என் வழக்கம். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே அந்த வேலை முடிந்துவிடுகிறது. வலது கைக்காரர் என்றால் ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் கை நிழல் தையலின் மேல் விழும். அடர்ந்த நிறத் துணியில் தைக்கும்போது மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள், இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும்.

கடையில் கிடைக்கும் ஆங்கர் நூல் கட்டு எட்டு மீட்டர் நீளம், ஆறு இழை. அப்படியே கோக்கக்கூடாது, இழை பிரிக்க வேண்டும். மூன்று இழையை ஒரே சமயத்தில் இழுத்தால் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி, பிறகு மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூ வேலைக்கு ஒரு முழ நூல் போதும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை என்று நம் பாட்டிமார் அளந்தது எவ்வளவு சரி! அதைவிட நீண்டால் நூல் துணியில் உரசி உரசிப் பஞ்சு பிரிந்துவிடும், முடிச்சும் விழும். ஓட்டுத் தையலுக்கு மட்டும் ஒரு வரி முடிகிற அளவுக்கு ஒன்றரை முழம் எடுத்துக்கொள்ளலாம்.

தலையணைத் துணி முடிந்ததும் பூ வேலைக்கு ஆசை வரும். அங்கேதான் எல்லோரும் கிட் வாங்குகிறார்கள், ஏதோ ஒரு வெளிநாட்டு ரோஜாத் தோட்டமும் ஓட்டு வீடும் வந்து சேர்கிறது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் விரலுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வடிவம் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? கோலத்தைத்தான் சொல்கிறேன்.

காவி நிறத்தில் கேஸ்மெண்ட் என்ற கெட்டிப் பருத்தித் துணி எடுங்கள், 16 அங்குலத் திண்டு உறைக்கு. செம்மண் பூசிய வாசல் மாதிரியே இருக்கும். வெள்ளைப் பென்சிலால் இரண்டு அங்குல இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வரும் சிக்குக் கோலம் ஒன்றைக் கையாலேயே வரையுங்கள். கார்பன் பேப்பர் வேண்டாம், தரையில் போடும் கை துணியிலும் போடும். அதன்மேல் மூன்று இழை வெள்ளை நூலில் சங்கிலித் தையல். வளைவுகளில் சங்கிலியைச் சிறிதாக்குங்கள். நீளமாக விட்டால் வட்டம் வட்டமாக இராது, கோணம் கோணமாக உடையும். புள்ளிகளுக்கு ஒரு முடிச்சுத் தையல், பள்ளியில் பிரெஞ்சு நாட் என்றார்களே, அது.

இதில் ஒரு நுணுக்கம். சிக்குக் கோலத்தின் கோடு எங்கும் முறியாமல் ஓடும். ஆனால் நம் நூலோ ஒரு முழம். எங்கே நூல் முடிந்தாலும் அங்கே ஒரு சிறு தழும்பு தெரியும். ஆகவே கோடும் கோடும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே நூலின் நீளத்தைக் கணித்து, குறுக்கிடும் புள்ளியிலேயே முடித்து, அங்கேயே அடுத்த நூலைத் தொடங்குங்கள். மேலே போகும் கோடு அந்த இணைப்பை மறைத்துவிடும். பின்பக்கம் முடிச்சுப் போடாமல், ஏற்கெனவே போட்ட தையலுக்கு அடியில் நான்கு முறை நுழைத்து வெட்டிவிடுங்கள். முடிச்சு இருந்தால் திண்டில் சாயும்போது உறுத்தும், துவைக்கும்போது அவிழவும் செய்யும். சங்கிலித் தையலுக்குக் கோட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நூல் செல்லும். ஒரு கட்டை மூன்று மூன்று இழையாகப் பிரித்தால் 16 மீட்டர். அதில் ஐந்து மீட்டர் கோடுகூட முழுதாக வராது. இரண்டு கட்டு வாங்கி வைத்துக்கொண்டால் பாதியில் கடைக்கு ஓட வேண்டாம்.

சங்கிலித் தையல் சிரமம் என்று தோன்றினால் மேட்டித் துணி வாங்குங்கள். அதில் நெசவிலேயே கட்டம் கட்டமாக ஓட்டை இருக்கும். முனை மழுங்கிய ஊசி, எண்ணிக்கொண்டே போகும் குறுக்குத் தையல். கண் மங்கலானவர்களுக்கு அதுவே சுகம். கட்டம் போட்ட நோட்டில் கோலத்தை வரைந்து வைத்துக்கொண்டால் போதும்.

மிதியடிக்கு ஊசியைவிடக் கைவிரல்தான் வேலை செய்யும். இனி உடுத்தவே முடியாத பருத்திச் சேலையின் கரையை வெட்டி எடுத்துவிட்டு, உடலை நீளவாட்டில் இரண்டு அங்குலப் பட்டைகளாகக் கிழியுங்கள். கத்தரி வேண்டாம், கைத்தறிப் பருத்தி ஒரு முனையில் வெட்டிவிட்டால் நேராகக் கிழியும். மூன்று பட்டையைச் சேர்த்துச் சடை பின்னுங்கள். மூன்றும் ஒரே நீளமாக இருக்கக்கூடாது, இருந்தால் அடுத்த பட்டைகளைச் சேர்க்கும்போது மூன்று ஒட்டும் ஒரே இடத்தில் சேர்ந்து அங்கே தடித்துவிடும். பின்னிய சடையை முட்டை வடிவத்தில் சுற்றிக்கொண்டே, கோணி ஊசியும் தடித்த பருத்தி நூலுமாகப் பக்கவாட்டில் சேர்த்துத் தைக்க வேண்டும். இந்த வேலையை மடியில் வைத்துச் செய்யாதீர்கள். மடியில் வைத்தால் நமக்குத் தெரியாமலே இறுகி, கடைசியில் மிதியடி குழிந்து கூடை மாதிரி நிற்கும். தரையில் தட்டையாக வைத்து, வளைவுகளில் வெளிச்சுற்றுச் சடையைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்துத் தையுங்கள். ஒரு முழுச் சேலை வாசலுக்கு ஒரு மிதியடி தரும்.

பெரிய போர்வைக்கு இவ்வளவும் கைவந்த பிறகு போகலாம். ஐந்தரை மீட்டர் சேலையை நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் நீளவாட்டில் கரையோடு கரை சேர்த்தால் இரட்டைக் கட்டிலுக்கு ஒரு அடுக்கு கிடைக்கும். ஆக இரண்டு சேலை இருந்தால் ஒரு கோடைப் போர்வை. நீண்ட இணைப்பையும் ஓரத்தையும் மிஷினில் அடித்துக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை. மேலே ஓடும் தையல் மட்டும் கையால் இருக்கட்டும். மழைக்காலம் முழுவதும் அந்த வேலை இருக்கும், உட்கார்ந்து தைக்கத் தைக்கத் தைத்த பகுதி உங்கள் காலையே போர்த்தியிருக்கும்.

முழுச் சேலை இல்லை, துண்டுதுணிதான் இருக்கிறது என்றால் கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் செய்வது போலச் செய்யுங்கள். ஒரு பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஒட்டுத்துணிகளை ஓரத்தை மடித்து மடித்து வைத்துக்கொண்டே ஓட்டுத் தையலில் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முன்கூட்டி அளவு எடுப்பதும் இல்லை, படம் வரைவதும் இல்லை. நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணியால் ஒரு பூ வைத்தால்தான் போர்வை நிறைவு பெறும். ரவிக்கைத் துணி மிச்சமெல்லாம் இதில் இடம் பிடித்துவிடும்.

தருமபுரிப் பக்கம் போக நேர்ந்தால் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் போர்கை என்ற பெயரில் செய்யும் பூ வேலையைப் பார்த்து வாருங்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். கைவிட்டுப் போக இருந்த தையல்களை ஊரிலிருந்த வயதான பெண்களிடம் கேட்டுக் கேட்டு மீட்டெடுத்தார்கள். படத்தில் பார்ப்பதற்கும் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. எந்தப் பூ வேலையைப் பார்த்தாலும் அனுமதி கேட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள், கை எந்த வழியாகப் போனது என்று அங்கேதான் தெரியும்.

துவைப்பது பற்றிச் சுருக்கமாக: பச்சைத் தண்ணீரில் கையால் கசக்கி, முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள். கோலத் திண்டு உறையை இஸ்திரி போடும்போது கீழே ஒரு துண்டை மடித்து வைத்து, பின்பக்கமாகத் தேய்த்தால் தையல் நசுங்காது. பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி வைக்காமல், பழைய வேட்டியில் சுற்றி, நடுவில் நன்றாகக் காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கொல்கத்தாவின் ஜோக்காவில் குருசதய் தத் திரட்டிய காந்தாக்களுக்கென்றே பெயர்போன ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு மகள் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று உண்டு. நூறாண்டுக்கு மேல் ஆகியும் யார் தைத்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவள் தன் பெயரையும் அதில் தைத்து வைத்ததுதான். ஆகவே உங்கள் தலையணைத் துணியின் கடைசி வரியைத் தைப்பதற்கு முன், ஒரு மூலையில் நான்கு விரல் இடம் விடுங்கள். இரண்டு இழை நூலில், இடைவெளி விடாத பின் தையலாக உங்கள் பெயரையும் வருடத்தையும், அந்தச் சேலை யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள். எழுத்தைப் பென்சிலால் பெரிதாக எழுதிக்கொண்டு தொடங்குங்கள். ‘ழ’வும் ‘ஞ’வும் வளைவில் கொஞ்சம் படுத்தும், அந்த இடத்தில் மட்டும் தையலை அரை அரிசி அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.